வெறும் வயிறு

பச்சத் தண்ணி கூடக் கூடாது என்று பக்கத்து நாற்காலி அக்கா சொன்னதிலிருந்து, என் மடியில் படுத்திருக்கிற மிதுவின் வயிறு மட்டும் எனக்குத் தனியாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட பச்சைக் கவுனுக்குள் அது ஏறுகிறது, இறங்குகிறது. அதற்குள் ஒரு டம்ளர் பால் இருக்கிறது. நான் கொடுத்த பால். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பசிக்குதும்மா என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள், அவள் அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைக் காய்ச்சி, ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள் என்று அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, வெள்ளைச் சர்க்கரை பல்லுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகம் வைத்து நாட்டுச்சக்கரை போட்டு, ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் ஈரத்துணியால் வாயைக்கூடத் துடைத்துவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. சோறு இல்லை, இட்லி இல்லை, உப்புப் பட்டது எதுவுமே இல்லை, வெறும் வயிற்றோடு கூட்டி வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த பட்டினி கிருத்திகைதான். கல்யாணமான மாதத்திலிருந்து இருக்கிறேன், பாலும் பழமும் சாப்பிட்டால் விரதம் முறியாது, முருகனே கோபிக்க மாட்டார். ஆனால் இந்த அக்கா, இராசிபுரத்துக்காரர், பேர் ரஹ்மத், அவருடைய பிள்ளையும் இப்போது உள்ளே மயக்கத்தில்தான் இருக்கிறது, நான் எதுவும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். "எம் மவகிட்ட ராத்திரியே சொல்லிட்டேம்மா, இது நம்ம நோம்பு மாதிரிதான்டி, பச்சத் தண்ணி கூடக் கூடாதுன்னு. அதுக்கு அவ, அப்ப சாயங்காலம் கஞ்சி உண்டாம்மாங்கறா, பாத்துக்க." சிரித்தார். நானும் சிரித்தேன். "பால் குடுத்தா இன்னும் மோசமாம். மயக்க டாக்டரு சொன்னாரு. மயக்கத்துல வாந்தி வந்தா வெளிய வராதாம், நேரா நெஞ்சுக்குள்ள எறங்கிருமாம், மூச்சே நின்னுருமாம்." அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது போலிருந்தது, அதை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியவில்லை.

சொல்லிவிட வேண்டும். எழுந்து போய் அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிற சிஸ்டரிடம் பால் கொடுத்துட்டேனுங்க என்று சொல்ல வேண்டும், மூன்று வார்த்தை கூட இல்லை. மிதுவின் அப்பா வரட்டும், அவர் சொல்லிவிடுவார். வண்டி வெயிலில் நிற்கிறது, நிழலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. பூபதி போகிற இடமெல்லாம் யாராவது தெரிந்தவர் இருப்பார்கள், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை, இந்த ஊரில் பாதி டிரைவர்கள் அவருக்குப் பழக்கம், வாசலில் எவரையாவது பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். எனக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். காலையில் இதே சிஸ்டர் "பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலதானே?" என்று கேட்டபோது என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் பூபதி முந்திக்கொண்டு "இல்லீங்க சிஸ்டர், வெறும் வயிறுதானுங்க" என்றுவிட்டார். நான் தலையாட்டினேன். அது பொய் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, குளித்துக்கொண்டிருந்தாரே. போன தடவை வந்தபோதும் தலைதான் ஆட்டினேன். மயக்க மருந்தைப் பற்றி அந்த சிஸ்டர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார், சாப்பாடு, டிபன், சட்டை, கொலுசு, கழற்றணும், கூடாது, வரணும், நடுவில் பால் என்று சொன்னாரோ என்னவோ, இவர் போன் வந்தது என்று வெளியே போயிருந்தார், நான் ஒவ்வொன்றுக்கும் சரிங்க சரிங்க என்றேன். என்னங்க சொன்னீங்க என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. பஸ்ஸில் நிறுத்தம் வந்தால் நிறுத்துங்க என்று சொல்லத் தெரியாமல், வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்திருக்கிறேன், கையில் மாவு மூட்டையோடு. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நிறுத்தம் தாண்டிப்போனால் நடந்து வந்துவிடலாம்.

மிது வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள். உள்ளே தெரிகிறது. முன்பல்லெல்லாம் ஓரம் கரைந்து, கடவாயில் கறுப்புக் குழி. முதல் தடவை அந்தச் சின்ன டாக்டர், மூக்குத்தி போட்டவர், கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு "ராத்திரி பால் பாட்டிலோட தூங்குவாளா?" என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எந்தப் பிள்ளைதான் பாட்டிலோடு தூங்கவில்லை. பால்தானே, கல்லையா கொடுத்தேன். அந்தப் பால்தான் ராத்திரி முழுக்க வாயில் நின்று பல்லைத் தின்றதாம். பல்லைத் தின்ற பால் இப்போது வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம், அப்படி நினைக்கக் கூடாது. டாக்டர் திட்டவில்லை, ஒரு டப்பாவைத் திறந்து, கொண்டைக்கடலை அளவுகூட இல்லாத ஒரு தொப்பியை எடுத்து மிதுவின் உள்ளங்கையில் வைத்தார். பளபளவென்று இருந்தது. "சொத்தையெல்லாம் சுத்தம் பண்ணிட்டு இதை மேல மாட்டிருவோம் பாப்பா, உன் பல்லெல்லாம் ராணி, இதான் கிரீடம்." முருகனுக்கு வெள்ளிக் கவசம் சாத்தினால் உள்ளே கல் இருப்பதே தெரியாதே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. இவர் அதை வாங்கி நகத்தால் தட்டிப் பார்த்து, "ஸ்டெய்ன்லெஸ்ஸுங்களா? எத்தனை கேஜ் தகடுங்க டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார், "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, எலும்பு கடிச்சாலும் தேயாது, அவ்வளவுதான்." இவருக்கு அதில் ஒரு திருப்தி. வீட்டுக்கு வந்து, பாடி கட்டுற வேலைதான் புள்ள, எங்களுது பெருசு அவங்களுது சிறுசு என்றார். நங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை, இவருடைய அக்கா. "விழுகப்போற பல்லுக்கு எதுக்குடா மூடி? பொட்டப்புள்ள சிரிச்சா தகர டப்பா மாதிரி மின்னுமே, புடுங்கிப் போட்டுட்டு வாங்க." அதற்கு டாக்டர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். கடவாய்ப் பால் பல் பத்து, பதினோரு வயது வரைக்கும் இருக்க வேண்டியது, இப்போதே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருகிற பல்லுக்கு இடம் இருக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. நங்கையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனை நாள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். கடைசியில் இவர்தான் சொன்னார், அதுவும் தப்பாக, துண்டைப் பற்றிச் சொல்லாமலே.

சொன்னால் என்ன ஆகும். இன்றைக்கு இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தேதி எப்போதோ. இந்தத் தேதிக்கே ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. அதுவரைக்கும் இந்தப் பிள்ளை இடது பக்கமே மெல்ல வேண்டும், வலது கன்னத்தை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டால்தான் தூங்குகிறாள், கையை எடுத்தால் முழித்துக்கொள்கிறாள், ஒரு முறை கன்னம் வீங்கிக் கண்ணே சின்னதாகிப் போனது. முறுக்கு என்றால் உயிர், அதை இப்போது தண்ணீரில் நனைத்துத் தின்கிறாள். பள்ளிக்கூடத்தில் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தபோது இவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள், யாரும் சொல்லித்தரவில்லை, ஐந்து வயதில் தானாகவே மூடக் கற்றுக்கொண்டுவிட்டாள், என்னைப் போல. இல்லை, என்னைப் போல இல்லை. சொல்லாவிட்டால். பால் இந்நேரம் செரித்திருக்கும். ஒன்றுக்குப் போனாளே ஒரு தடவை, அப்படியென்றால் இறங்கிவிட்டது என்றுதானே அர்த்தம். சின்ன டம்ளர்தான். முழு டம்ளர் இல்லை. முழு டம்ளர்தான், ஆடையை மட்டும்தான் எடுத்தேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள், இதுவும் அப்படித்தானோ. பால் பால்தானே. நெஞ்சுக்குள்ள எறங்கிருமாம். ஒரு வாய் பால், அவள் கைக்குழந்தையாக இருந்தபோது புரையேறி முகம் நீலமாகிப்போய், நான் அவளைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டியது, அந்த நீலம், அதற்கப்புறம் வந்த அழுகை, அழுகை மாதிரி நல்ல சத்தம் உலகத்தில் இல்லை. மயக்கத்தில் இருந்தால் எப்படி அழுவாள்.

எழுந்துவிட்டேன். "அக்கா, பாப்பாவச் செத்த பாத்துக்கறீங்களா" என்று மிதுவை ரஹ்மத் அக்கா மடியில் சாய்த்தேன். "போய்ட்டு வா, எங்கிட்டே இருக்கட்டும் எஞ்செல்லம்." மேஜை பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் மேல் மாவுக்கல்லில் செய்தது போல ஒரு தாடை, பெரிய பெரிய பல்லோடு வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. சிஸ்டர் போனில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், ஏன் லேட்டு, நேத்தே சொன்னேனுல்ல, உங்களாலதான் எங்களுக்குப் பேச்சு. போனை வைத்துவிட்டு நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். வாயைத் திறந்தேன். பால் என்பதற்கு உதட்டை ஒட்டினேன், ஒட்டினது ஒட்டினபடி நின்றது, பிறகு எங்கிருந்தோ வேறு ஒன்று வந்தது. "பாத்ரூம் எங்கீங்க?" சிஸ்டர் கையைக் காட்டினார். நான் போனேன். கேட்டுவிட்டோமே என்று போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஒரு பெண், நெற்றியில் திருநீறு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம், அவளைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். பால் கொடுத்துட்டேனுங்க. தெரியாமக் கொடுத்துட்டேனுங்க. சிஸ்டர், ஒரு விஷயமுங்க. எவ்வளவு நன்றாக வருகிறது. குழாயை மூடினால் வருமா. மூடிவிட்டுச் சொன்னேன், வந்தது, காற்று மாதிரி. இவளுக்கு என்ன பயம். திட்டுவார்கள். திட்டட்டுமே. இவ்வளவு படிச்சவங்க இருக்கற எடத்துல இப்படியொரு மக்கு வந்திருக்கே என்று பார்ப்பார்கள், அந்தப் பார்வைதான். எட்டாவதோடு நின்றவள் என்று நெற்றியில் எழுதியிருக்கும், திருநீற்றுக்குக் கீழே. ஒரு பார்வைக்குப் பயந்தா நான் பிள்ளையை. கதவைத் திறந்தேன்.

நாற்காலியில் மிது இல்லை. ரஹ்மத் அக்காவும் இல்லை, அந்தக் கடைசியில் இருந்த அறை வாசலில் நின்று கையாட்டினார், முகமெல்லாம் சிரிப்பு, "எம் மவ வந்துட்டாம்மா! வாயெல்லாம் வெள்ளி! உங்க பாப்பாவக் கூப்பிட்டாங்க, அவுங்கப்பா வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு." போயிட்டாரு. எங்கே போயிட்டாரு. வராந்தா முடிவில் கண்ணாடி போட்ட கதவு, அதற்கு அந்தப் பக்கம் இவருடைய முதுகு, தோளில் மிதுவின் தலை, இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது. சிஸ்டர் இந்தப் பக்கம் திரும்பி என்னவோ கேட்கிறார். பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தர் கையை நீட்டுகிறார். நான் ஓடுகிறேனா நடக்கிறேனா, செருப்பு எங்கே கழன்றது, ஒன்றும் தெரியவில்லை, உதடு மட்டும் தெரிகிறது. நூல் மில்லில் நான் வேலை பார்த்த காலத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், மிஷின் சத்தத்தில் காது எதற்கும் ஆகாது, அங்கேதான் நான் நிம்மதியாக இருந்தேன், யாரும் என்னைப் பேசு பேசு என்று சொன்னதில்லை, எந்த மூலையில் யார் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியும். உதடு ஒட்டிப் பிரிந்தால் அது மவாக இருக்கும், அல்லது பவாக இருக்கும், அதை வைத்தே முழுப் பேச்சையும் பிடித்துவிடுவேன். இப்போது கண்ணாடிக்குள் சிஸ்டரின் உதடு, ஒண்ணும் குடுக்கலதானே. இவர் பாதி திரும்புகிறார். எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போகிறார் என்று. இல்லீங்க. வெறும் வயிறுதானுங்க. அந்தப் பச்சைத் தொப்பிக்காரர் மிதுவை வாங்குகிறார். மில்லில் பெல்ட்டில் யாருடைய துப்பட்டாவாவது மாட்டினால் மட்டும் கத்துவோம், அந்தக் கத்தல் தொண்டையிலிருந்து வருவது இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும், இருபது மிஷினைத் தாண்டிப் போய் மிஷினை நிறுத்த வேண்டுமே.

"பால் குடுத்துட்டேன்! நிறுத்துங்க! பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டேன்!" அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. வராந்தாவில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது, வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். கதவு திறந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன், நான் வேறு யாரோ என்பது போலப் பார்த்தார். பச்சைத் தொப்பிக்காரர்தான் மயக்க டாக்டர், முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, "எப்பம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார், கோபமாக இல்லை. "விடிகாலைலீங்க. அவங்க குளிக்கப் போனப்ப. ஒரு டம்ளருங்க. முழு டம்ளர். நாட்டுச்சக்கரை போட்டு." நாட்டுச்சக்கரையை எதற்குச் சொன்னேன். சிஸ்டர் முகம் சிவந்துபோய், "காலைல நான் கேட்டப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே, வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்றார். "அவருதானுங்க பதில் சொன்னாரு" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் கையைப் புரட்டி மணி பார்த்தார். "பாலுக்கு ஆறு மணி நேரம் விடணும். இவளுக்கு அடுத்து இருக்கற பெரிய பையனை முன்னாடி எடுத்துக்கலாம், இவளைக் கடைசியாப் போடுங்க சிஸ்டர்." என்னிடம் திரும்பி, "இனிமே ஒரு சொட்டு கூடாது, தண்ணி கூட. சரியா?" தலையாட்டப் போனேன், ஆட்டவில்லை. "தண்ணி கூடக் கூடாதுங்க" என்று அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

இப்போது மறுபடியும் அதே நாற்காலி. மிது மடியில். இவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்ல புள்ள" என்றார் ஒரு தடவை, பிறகு, "நானும் உன்னையக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கோணும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரஹ்மத் அக்கா தாண்டிப் போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "எங்கம்மா வெச்சிருந்த இந்தத் தொண்டைய? எந்திரிக்க மாட்டேன்னு கெடந்த எம் மவளே முழிச்சுக்கிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர் வரிசையில் ஒரு பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டாலும் மிதுவின் முகத்தைப் பார்க்கிறேன். யாரோ வாழைப்பழம் உரிக்கிறார்கள், அந்த வாசனை வராத பக்கமாக அவளைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன். பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, இனி உள்ளே போனால் எப்படி இருக்கும், முழிப்பாளா, முழித்ததும் அழுவாளா, நான் எங்கே நிற்பேன். நானும் கூட வரணுமுங்க, அவ தூங்கற வரைக்கும், என்று கேட்க வேண்டும். வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். பசிக்குதும்மா என்கிறாள். "கொஞ்ச நேரம் சாமி." "பால்?" "பால் கூடாது." கறுத்த பல்லெல்லாம் தெரிய என்னை அண்ணாந்து பார்க்கிறாள், உதட்டை மூடவே இல்லை. "அம்மா, நீ கத்துன." "ஆமா சாமி." "அப்பா பயந்துட்டாங்க." இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா, இன்னொருக்கா கத்து." "சும்மாவெல்லாம் கத்தக் கூடாது கண்ணு." "அப்பறம் எப்பக் கத்துவ?" அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே குடுகுடுவென்று ஒரு சத்தம், காலியாகிற சத்தம். வராந்தாவில் வெயில் மாறி மாறி விழுகிறது. ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தப் பெரிய பையன் தள்ளுவண்டியில் வெளியே வருகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் வந்து நிற்கிறார், இந்தப் பக்கம் பார்க்கிறார், கதவு இன்னும் திறக்கவில்லை, சத்தம் எதுவும் இல்லை. உதடு ஒட்டுகிறது. மி. நான் எழுந்து நின்றுவிட்டேன்.